முதல் நட்சத்திரத்துக்குள் எரிய வேண்டிய ஃபர்னஸ்

புனித மாலை என்பது எங்கள் பழைய காலண்டரில் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. அன்றைக்கு முதல் நட்சத்திரம் தெரிந்ததும், சாப்பிட உட்காருவதற்கு முன்னால் வாசற்கதவைத் திறந்து, "பனியப்பா, வாப்பா, எங்களோட குட்யா சாப்பிடு" என்று பனியைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். ஒரு மரியாதைக்குக் கூப்பிடுவதுதான். நிஜமாகவே வந்துவிடுவான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்த வருஷம் கூப்பிடுவதற்கு முன்பே வந்து, என் அக்கா பராஸ்காவின் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"தெக்லா, இங்க வா. இந்த ஜன்னலைத் தொட்டுப் பாரு."

தொட்டேன். "ஐஸ் கட்டியிருக்கு அக்கா."

"எந்தப் பக்கம்?"

"நம்ம பக்கம்."

"அப்ப ஃபர்னஸ் போயிடுச்சு," என்றாள், கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டே. மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது என்று சொல்லுகிற அதே குரல்.

வெளியே மைனஸ் முப்பத்தாறு. டாஃபின் நகரத்துக்கு வடக்கே எங்கள் ஊரில், ஜனவரி ஆறாம் தேதியில், அது ஒரு செய்தியே இல்லை. ஆனால் நிலவறையில் நிற்கிற அந்தத் தகரப் பெட்டி கேஸை எரித்துச் சூட்டுக்காற்றை மேலே ஊதுகிற வரைக்கும்தான் செய்தி இல்லை. அது நின்றால் முதலில் மனிதர்கள் விறைப்பார்கள், அப்புறம் தண்ணீர்க் குழாய்கள் வெடிக்கும். மனிதர்களாவது கோட் போட்டுக்கொள்ளலாம்.

வேறு நாளாக இருந்தால் அக்கா ரோட்டைத் தாண்டி என் வீட்டுக்கு வந்திருப்பாள். அன்றைக்கு வைக்க வேண்டிய பன்னிரண்டு பதார்த்தங்களையும் பானை பானையாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம், அதிலும் கஷ்டமில்லை. கூரையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதுதான் விஷயம்.

குட்யா என்பது தேனும் கசகசாவும் போட்டு வேகவைத்த கோதுமை. அதில் முதல் கரண்டியை வீட்டுத் தலைவன் கூரையைப் பார்த்து எறிய வேண்டும். ஒட்டினால் நல்ல வருஷம். அக்காவின் வீட்டில் அவள் புருஷன் ஒனுஃப்ரி வெளியேறின பிறகு யாரும் எறியவில்லை. நான் எறியட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "உன் வீட்டுக் கூரையைப் போய் அசிங்கம் பண்ணு," என்றாள். இந்த வருஷம் ஸெனோன் எறியப்போகிறார். எங்கள் ஊரில் இதற்கு மேல் மோதிரம் வேண்டாம், அழைப்பிதழ் வேண்டாம். தனியாக இருக்கிற ஒரு பெண்ணின் கூரையில் ஒருவர் குட்யா எறிந்தார் என்றால், பாதிரியார் உட்பட எல்லாருக்கும் விஷயம் முடிந்தது. எறியாமல் எழுந்து போனார் என்றாலும் விஷயம் முடிந்தது, வேறு விதமாக.

ஸெனோன் தேனீ வளர்ப்பவர். அறுபத்தாறு வயதுவரை கல்யாணம் இல்லை, அண்ணன் வீட்டு மாடியறையில் வாசம். அங்கே கரண்டி அண்ணன் கையில்தான் இருந்தது. பேச்சு மிகவும் குறைவு. "தேனீகிட்ட வாயைத் திறந்தா என்ன ஆகும்னு தெரிஞ்ச மனுஷன்," என்பாள் அக்கா. ஒனுஃப்ரியோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ஆணிடம் இதைவிடப் பெரிய குணம் தேவைப்படவில்லை.

அன்றைக்கு மத்தியானமே அவர் வந்துவிட்டார், வைக்கோலோடு. மேஜைக்கடியில் ஒரு பிடி வைக்கோல் பரப்புவது முறை. இயேசு தொழுவத்தில் பிறந்தார் அல்லவா. ஸெனோனுக்கு ஒரு பிடி போதவில்லை. ஒரு முழுக் கட்டு வைக்கோலையே லாரியிலிருந்து இறக்கி, முழங்காலிட்டு, தானே மேஜைக்கடியில் மெத்தைபோல விரித்தார். அக்கா பூரித்துப்போய் நின்றாள். "ஒனுஃப்ரி ஒரு வருஷம் பழைய பாய் நாரைப் போட்டான்," என்று என் காதில் சொன்னாள்.

இப்போது ஜன்னலில் ஐஸ்.

"நான் பார்க்கட்டுமா?" என்றார் ஸெனோன்.

"உங்களுக்கு ஃபர்னஸ் வேலை தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. பார்க்கலாம்."

முதலில் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டைப் பார்த்தோம். இருபத்தொன்று கேட்டிருந்தோம், பதினாலு காட்டியது. டிவி ரிமோட்டிலிருந்து பேட்டரியைப் பிடுங்கி அதில் போட்டோம். இன்னும் தெளிவாகப் பதினாலு காட்டியது. ஸெனோன் கரண்ட் பெட்டியைத் திறந்து எந்த பிரேக்கரும் விழவில்லை என்று சொன்னார். நிலவறைப் படிக்கட்டின் மேல்முனையில் ஒரு ஸ்விட்ச் உண்டு, ஃபர்னஸுக்கானது, பார்த்தால் விளக்கு ஸ்விட்ச் மாதிரியே இருக்கும்.

"அக்கா, ஊறுகாய் எடுக்கப் போனப்ப விளக்குன்னு நினைச்சு இதை அணைச்சியா?"

"இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவடி நான். எது விளக்குன்னு எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு, நாங்கள் பார்க்காதபோது போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். அது போட்டபடிதான் இருந்தது.

ஸெனோன் அதை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டார். கீழே ஒரு 'டக்', ஒரு முனகல், அப்புறம் 'புஸ்' என்று நெருப்பு பிடிக்கிற சத்தம். நான் சிலுவை போட்டேன். அக்கா ஸெனோனின் கன்னத்தில் மாவுக் கையோடு தட்டினாள்.

"தெரியாது தெரியாதுன்னு சொல்லிட்டு!"

கன்னத்து மாவு உதிர்வதற்குள் நெருப்பு நின்றது. காற்று மட்டும் வந்தது, ஆற்றங்கரையிலிருந்து வருகிற மாதிரி. அப்புறம் அதுவும் நின்றது. மறுபடி அணைத்துப் போட்டார். இந்தத் தடவை இன்னும் சீக்கிரம் செத்தது. அதற்கடுத்த தடவை எரியவே இல்லை. கீழே இறங்கிப் பார்த்தால், பெட்டியின் சின்ன ஜன்னலுக்குள் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டியது.

"நாலு தடவை சிமிட்டுது. நிக்குது. திரும்ப நாலு," என்றார் ஸெனோன்.

"அப்படின்னா?"

"அது ஏதோ சொல்லணும்னு பார்க்குது."

"எனக்கும்தான் நாலு வார்த்தை சொல்லணும்போல இருக்கு," என்றாள் அக்கா.

டாஃபினில் ரிப்பேர் கம்பெனி ஒன்றுக்குப் போன் செய்தாள். குளிர் எங்களுக்கு மட்டுமா, வரிசை நீளமாக இருந்தது. நாளை மத்தியானம் வருகிறோம் என்றார்கள்.

"நாளைக்கு மத்தியானம் வந்து எங்களைத் தட்டி எழுப்பட்டும், ஐஸ் உளியோட," என்று போனை வைத்தாள்.

நான் மெதுவாக ஆரம்பித்தேன். "பக்கத்துத் தெருவுலயே ஒருத்தன்..."

"வரெனிகி மாவு தேய்க்கிற கட்டை என் கையில இருக்கு தெக்லா. பார்த்துப் பேசு."

ஒனுஃப்ரிதான் எங்கள் ஊரின் ஒரே ஃபர்னஸ்காரன். நல்ல வேலைக்காரன், அதை அக்காவே ஒப்புக்கொள்வாள். பிரச்சினை வேலையில் இல்லை. தபால் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு விதவை இருந்தாள். ஊரில் எல்லார் வீட்டு ஃபர்னஸும் வருஷத்துக்கு ஒரு தடவை கெட்டால் அவளுடையது மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை கெட்டது. அக்கா பொறுத்தாள். ஜூலை மாசக் கோடை வெயிலிலும் கெட்டபோது, அவனுடைய டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த விதவையின் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். கோர்ட்டு மிச்சத்தைச் செய்தது.

"வரட்டுமே அக்கா. சரிபண்ணிட்டுப் போகட்டும்."

"இன்னிக்கா? புனித மாலையில நட்சத்திரம் வந்தப்புறம் வீட்டுக்குள்ள நிக்கிறவனைச் சாப்பாடு போடாம அனுப்ப முடியுமா? நாய்க்கே போடணும். உட்காருன்னு சொன்னா நேரா வீட்டுத் தலைவனோட தலைமாட்டு நாற்காலிக்குப் போவான். கரண்டியை எடுப்பான். ஸெனோன் என்ன செய்வார்?"

இரண்டு பேரும் ஸெனோனைப் பார்த்தோம். அவர் அடுப்போரம் நின்று பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், ஒரு பல்லுக்கும் வலிக்காமல்.

"நீங்களே எறியுங்க ஒனுஃப்ரி, உங்களுக்குத்தான் பழக்கம்னு சொல்லுவார்," என்றாள் அக்கா. பயம் அவள் குரலில் இருந்தது. கோபத்துக்குள் ஒளித்துவைத்திருந்தாள், ஆனால் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கால்கரியிலிருந்து அவள் மகள் லாரிஸா வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாள்.

"ஏம்மா பல்லு தந்தியடிக்குது?"

"வெளியில நின்னு பேசறேன்."

"பின்னாடி அடுப்புச் சத்தம் கேக்குது. ஃபர்னஸா?"

"ஒண்ணுமில்ல. பண்டிகை வாழ்த்துகள்."

"அப்பாவைக் கூப்பிட்டியா?"

"லாரிஸா, நீ அந்த ஆளுக்குப் போன் பண்ணினே, உன் பங்கு வெள்ளிக் கரண்டியெல்லாம் சித்திக்குப் போயிடும்."

நான் வெள்ளிக் கரண்டிகளை ஒரு தடவை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தேன். கூரையிலிருந்து பனி சரிந்து விழுகிற நேரத்துக்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

ஒனுஃப்ரி கதவடியில் நின்றான். வேலை உடுப்புக்குள்ளே இஸ்திரி போட்ட சட்டைக் காலர். தாடை வழவழவென்று சவரம் செய்திருந்தது. வழுக்கைத் தலையைக்கூட ஏதோ தடவித் துடைத்திருந்தான்.

"நான் உன்னைக் கூப்பிடல," என்றாள் அக்கா.

"தெரியும். லாரிஸா கூப்பிட்டா. உள்ள வரட்டுமா, இல்ல கதவைத் திறந்துவெச்சுக்கிட்டே சண்டை போடலாமா? எனக்கு ரெண்டும் சம்மதம்."

"சென்ட் போட்டிருக்கே."

"கேஸ் நாத்தம் போறதுக்கு."

"எரியாத ஃபர்னஸுல ஏதுடா கேஸ் நாத்தம்? இங்க பாரு. நட்சத்திரம் வர்றதுக்குள்ள வெளிய போயிடணும். அதுவரைக்கும் நீ ரிப்பேர்காரன். அதுக்கப்புறம் இருந்தா விருந்தாளி ஆயிடுவே. எனக்கு அது வேண்டாம்."

"அது வேலையைப் பொறுத்தது," என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "மச்சினி, நீ இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"உன் கருமாதிச் சாப்பாட்டுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

"வாங்க தேன்காரரே," என்று ஸெனோனின் கையில் டார்ச்சைத் திணித்தான். "ஃபர்னஸ் ரிப்பேர்ல பாதி வேலை டார்ச் பிடிக்கிறது. மீதிப் பாதி நான்."

இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். அக்கா வரெனிகிக் கொழுக்கட்டைகளைக் கொதிக்கும் தண்ணீரில் போடப் போனாள், நான் கூடப் போனேன். சமையலறைத் தரையில் சூட்டுக்காற்று வருகிற கம்பி ஜாலி ஒன்று உண்டு. ஃபர்னஸ் ஓடும்போது அதில் காற்று வரும். ஓடாதபோது, நிலவறையில் யார் தும்மினாலும் அடுப்பங்கரையில் ஆசீர்வாதம் சொல்லலாம். ஒனுஃப்ரி இத்தனை வருஷம் ஃபர்னஸோடு குடும்பம் நடத்தியவன், ஆனால் அது ஓடாத வீட்டு சமையலறையில் அவன் நின்றதில்லை. அவனுக்கு இது தெரியாது.

"ஒண்ணு சொல்றேன் ஸெனோன், மனசுல வெச்சுக்கோங்க," என்றது ஜாலி. "ராத்திரி போர்வையை முழுசா இழுத்துக்குவா. உங்களுக்குன்னு தனியா ஒண்ணு வெச்சுக்கோங்க."

ஸெனோனின் டார்ச் வெளிச்சம் ஜாலிக்கடியில் நகர்ந்தது.

"குறட்டை உண்டு. குளிர்ல டிராக்டர் ஸ்டார்ட் ஆகப் பார்க்குமே, அந்த மாதிரி."

"எனக்கா குறட்டை?" என்று அக்கா என்னிடம் வாயசைத்தாள். நான் பானைக்குள் பார்த்தேன்.

"காலைக் காப்பிக்கு முன்னாடி பேச்சுக் குடுக்காதீங்க. அவ தங்கச்சி வர்றது தெரிஞ்சா கொட்டகைக்குப் போயிடுங்க. நான் அங்க ஒரு நாற்காலி போட்டு வெச்சிருந்தேன்."

"அந்தக் கட்டையை இப்படிக் குடு அக்கா," என்றேன்.

"ஃபர்னஸுக்கு என்ன ஆச்சு?" என்று ஸெனோனின் குரல் கேட்டது. அந்த மனுஷன் ஒருவர்தான் வந்த வேலையை மறக்கவில்லை.

"அவசரப்படக்கூடாது. இது பெரிய சமாச்சாரம். தீ பத்தவைக்கிற கம்பி இருக்கு, தீ எரியுதான்னு பார்க்கிற கம்பி இருக்கு, புகையை வெளிய தள்ற விசிறி இருக்கு. ஒவ்வொண்ணா கழட்டணும். டீ ஏதாவது கிடைக்குமா மேல?"

"இந்தப் பக்கவாட்டுல ஒரு மூடி இருக்கே, அது?"

"அதைத் திறக்காதீங்க! ... அது ஒண்ணுமில்ல. டார்ச்சை இந்தப் பக்கம் பிடிங்க."

கொஞ்ச நேரம் திருகாணி கழற்றுகிற சத்தம். அப்புறம் விசில். கல்யாண வீட்டில் ஆடுகிற போல்கா மெட்டு, நிதானமாக, அலங்காரத்தோடு.

அக்காவின் கை கரண்டியோடு நின்றது.

"கேட்டியா?"

"என்ன, போல்காவா?"

"விசில்டி. என்ன கோளாறுன்னு தெரியாதப்ப அவன் வாயில வர்றது விசில் இல்ல. அந்தப் பெட்டியைச் செஞ்சவனோட அம்மாவுல ஆரம்பிச்சு பாட்டி வரைக்கும் போவான். விசில் வந்தா கண்டுபிடிச்சாச்சுன்னு அர்த்தம். என் கல்யாணத்தன்னிக்குச் சர்ச்சுல விளக்கு அணைஞ்சப்ப இருந்து பார்க்கிறேன்." அவள் குரல் தாழ்ந்தது. "கண்டுபிடிச்சுட்டு சரிபண்ணாம உட்கார்ந்திருக்கான்னா..."

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம். ஐஸுக்கு நடுவில் தெரிந்த வானம் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தது.

ஃபர்னஸைப் பற்றி அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. ஒனுஃப்ரியைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை. முழங்காலிட்டு ஜாலியில் வாயை வைத்தாள்.

"யோவ் ஒனுஃப்ரி!"

விசில் செத்தது. கீழே ஏதோ விழுந்து உருண்டது.

"யாரு?" என்றான். கொஞ்சம் பயந்துபோய்க் கேட்டான். பன்னிரண்டு பதார்த்தம் வைத்துச் செத்தவர்களையும் கூப்பிடுகிற ராத்திரி அல்லவா.

"டிராக்டர் பேசறேன். ஸ்டார்ட் ஆயிடுச்சு. கீழ வர்றேன், இரு."

நானும் பின்னாலேயே போனேன், இதைத் தவறவிட எனக்கென்ன பைத்தியமா. ஒனுஃப்ரி அக்காவின் வெள்ளரி ஊறுகாய் ஜாடிகள் வைத்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். ஒரு துணியில் திருகாணிகளை வரிசையாக அடுக்கியிருந்தான், நகைக்கடைக்காரன் மாதிரி. ஸெனோன் டார்ச்சோடு நின்றிருந்தார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது. போர்வைச் சமாச்சாரம்.

"சிக்கலான கேஸ் பராஸ்கா. இன்னும் ஒரு மணி நேரமாவது..."

அக்கா ஃபர்னஸைப் பார்க்கவே இல்லை. "ஸெனோன், எதைத் திறக்காதீங்கன்னு சொன்னான்?"

ஸெனோன் டார்ச்சைத் திருப்பினார். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு நீள மூடி.

"அதைத் திறங்க."

மூடியை எடுத்து உள்ளே இருந்ததை இழுத்தார். காற்றை வடிகட்டுகிற ஃபில்டர் என்பது ஒரு காகிதச் சட்டம். வெளியே வந்தது ஒரு ஆட்டுக்குட்டி. அவ்வளவு அடர்த்தியாக வைக்கோல் தூசும் உமியும் அதில் அப்பியிருந்தன.

ஒனுஃப்ரிக்கு இனி மறைக்க ஒன்றும் இல்லை. எனவே ரசிக்க ஆரம்பித்தான்.

"மேல மேஜைக்கடியில தரையில ஒரு பெரிய ஜாலி இருக்கு. வீட்டுக் காத்தை இது உள்ள இழுக்கிறது அது வழியாத்தான். அது மேல ஒரு கட்டு வைக்கோலைக் கொட்டினா? மூக்கை அடைச்சாச்சு. உள்ள வந்த தூசு இங்க வந்து தொண்டையையும் அடைச்சாச்சு. காத்து இல்ல, சூடு வெளிய போக வழியில்ல, கொதிச்சுப் போயி தன்னைத்தானே அணைச்சுக்குது. நாலு தடவை சிமிட்டுதே, அதுக்கு அதுதான் அர்த்தம்: சுடுது, சாகறேன். வெளிய மைனஸ் முப்பத்தாறு, உள்ள ஃபர்னஸுக்கு ஜுரம்!" தொடையைத் தட்டிச் சிரித்தான். "எவன் செஞ்சான் இதை? இந்த ஊர்ல பொறந்தவன் எவனாவது ஒரு பிடிக்கு பதிலா ஒரு கட்டு போடுவானா? நாளைக்குச் சர்ச்சுல சொல்லணும். மாப்பிள்ளை வீட்டுக்குள்ள வந்த முதல் நாளே வீட்டை மூச்சுத் திணற வெச்சுட்டார்!"

அக்காவின் முகம் வெளுத்தது. அவள் பயந்தது கரண்டிக்கு. இது அதைவிட மோசம். நாளைக்குச் சர்ச்சில் முழு ஊரும் சிரித்தால் ஸெனோன் அண்ணன் வீட்டு மாடியறைக்கே போய்விடுவார், கதவைச் சாத்திக்கொள்வார்.

"நான்தான்," என்றார் ஸெனோன்.

"என்னது?"

"கட்டு முழுக்கக் கொண்டுவந்தது நான். விரிச்சதும் நான். கீழ ஜாலி இருக்கான்னு பார்க்கல. தப்பு என்னோடது."

அந்த வீட்டில் ஒரு ஆண்குரல் அந்த வாக்கியத்தைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஜாடிகளில் இருந்த வெள்ளரிக்காய்கூடத் திரும்பிப் பார்த்திருக்கும்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"தப்பு என்னோடதுன்னு சொன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"பராஸ்கா, ஏற்கெனவே குளுருது," என்றார் ஸெனோன்.

"இதுல என்ன பெரிய வீரம்?" என்று ஒனுஃப்ரி ஆரம்பித்தான். "ஒரு தப்பை ஒத்துக்கிறது யாராலயும்..."

"ஜூலை மாசம்," என்றாள் அக்கா.

அவன் திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

அதற்குப்பின் வேலை மடமடவென்று நடந்தது. ஸெனோன் மேலே போய் மேஜைக்கடியில் தவழ்ந்து, வைக்கோலை எல்லாம் தானியச் சாக்கில் அடைத்து, ஒரே ஒரு பிடியை மட்டும் ஜாலிக்குத் தூரமாக விட்டுவைத்தார். புது ஃபில்டர் வேண்டுமே என்று நான் கேட்டதற்கு ஒனுஃப்ரி, "வண்டியில இருக்கு," என்றான்.

"வரும்போதே இருந்ததா?"

"எப்பவும் இருக்கும். பாதி வீட்டுல கோளாறு அதுதானே."

"அப்ப வந்து இறங்கினதும் முதல்ல அதைத்தான் பார்த்திருப்பே."

"மச்சினி, நீ கொட்டகைப் பக்கம் போயேன்."

மூடியை மாட்டினான். மேலே ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டார்கள். 'டக்'. முனகல். 'புஸ்'. முன்னால் ஏமாந்ததால் இந்தத் தடவை நான் சிலுவை போடவில்லை, அக்கா யார் கன்னத்திலும் தட்டவில்லை. ஜாலியைச் சுற்றி நின்று, படுத்த மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தோம். நெருப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் மூக்கு எனக்கே திரும்பக் கிடைத்தது. ஜன்னல் ஐஸ் ஒரு ஓரத்தில் நழுவிக் கண்ணாடி தெரிந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் பார்த்தேன்.

"அக்கா. கொட்டகைக்கு மேல."

ஒனுஃப்ரி அப்போது கதவருகே நின்று கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். ரொம்ப நேரமாகப் போட்டுக்கொண்டிருந்தான். மேலே வரைக்கும் போட்டுவிட்டு, ஒன்று தவறிவிட்டது என்று கழற்றி, மறுபடி கீழிருந்து வந்தான்.

"அடடா. நட்சத்திரம் வந்துடுச்சா?" என்றான், மழை வந்துவிட்டதா என்பதுபோல.

அக்கா அவனைப் பார்த்தாள். அப்புறம் மேலே பார்த்தாள், கடவுளிடம் ஏதோ கணக்கு பேசுவதுபோல. முறை முறைதான்.

"கோட்டைக் கழட்டு. உட்காரு."

பொத்தான்கள் இந்தத் தடவை ஒரே இழுப்பில் கழன்றன. நேராகத் தலைமாட்டு நாற்காலிக்குப் போனான்.

"அது இல்ல. அங்க."

மேஜையின் மறுகோடியில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் யாரும் உட்காராத ஒரு தட்டு இருந்தது.

"அது செத்தவங்களுக்கு வெக்கிற தட்டு பராஸ்கா."

"ஆமா."

"நான் உயிரோட இருக்கேனே."

"நம்ம கல்யாணம் செத்துப்போச்சு இல்லையா? அது பசியோட போகக்கூடாது. உட்காரு."

உட்கார்ந்தான். அக்கா ஸெனோனுக்குத் தலைமாட்டு நாற்காலியைக் காட்டினாள். அவர் அதன் நுனியில் உட்கார்ந்தார், யாராவது கேட்டால் எழுந்துகொள்ள வசதியாக. ஜெபம் சொன்னோம். ஜெபம் முடிந்து நான் கண்ணைத் திறந்தபோது குட்யாக் கரண்டி ஒனுஃப்ரியின் கையில் இருந்தது.

வேண்டுமென்றே எடுத்தானா, பழக்கத்தில் எடுத்தானா, தெரியாது. குட்யாப் பானை அவன் பக்கம்தான் இருந்தது. கரண்டி நிறைய அள்ளி, கூரையை ஒரு கண்ணால் அளந்துகொண்டிருந்தான். நான் அக்காவைப் பார்த்தேன். பிடுங்குவாள் என்று நினைத்தேன். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஸெனோனையே பார்த்தாள். அவள் பிடுங்கிக் கொடுத்தால் அது அவள் எறிந்த மாதிரிதான்.

ஸெனோன் எழுந்தார். மேஜையைச் சுற்றி நடந்து மறுகோடிக்குப் போனார்.

"கரண்டியைக் குடுங்க."

"எறிஞ்சிருக்கீங்களா எப்பவாவது?"

"இல்ல."

"மணிக்கட்டுல இருக்கு சூட்சுமம். ஒட்டலன்னா அந்த வருஷமே தரித்திரம். இந்த ஒரு தடவை நான் எறிஞ்சு காட்டறேன், பார்த்துக்கோங்க."

"வேண்டாம்."

"எப்படி எறியணும்னே தெரியாதே உங்களுக்கு!"

"தெரியாது. குடுங்க."

கையை நீட்டியபடி நின்றார். கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. கூட்டிலிருந்து தேனீ தானே வெளியே வரட்டும் என்று மணிக்கணக்காக நிற்கிறவருக்கு ஒனுஃப்ரி எம்மாத்திரம். கடைசியில் கரண்டி கை மாறியது.

ஸெனோன் நின்ற இடத்திலிருந்தே எறிந்தார். குட்யா மேலே போனது. கூரையைத் தொட்டது. ஒரு நொடி அங்கேயே இருக்கலாமா என்று யோசித்தது. அப்புறம் மொத்தமாகக் கழன்று, ஒனுஃப்ரியின் சவரம் செய்த, சென்ட் போட்ட, துடைத்துவைத்த வழுக்கையின் நடுவில் வந்து அப்பியது.

"ஒட்டலையே," என்றேன். என் வாய் அப்படி.

ஸெனோனின் முகம் போர்ஷ்ட் சூப் மாதிரிச் சிவந்தது. "தப்பு என்னோ..."

"சும்மா இருங்க," என்றாள் அக்கா. அவள் தோள் குலுங்கியது. "எங்க ஒட்டல? நல்லா பாருங்க. எவ்வளவு கெட்டியா ஒட்டியிருக்கு!"

ஒனுஃப்ரி தலையைத் தடவி, விரலை நக்கிப் பார்த்தான். "தேன் ஜாஸ்தி," என்றான்.

அக்கா அகப்பையை எடுத்து ஸெனோனின் தட்டில் முதலில் குட்யா ஊற்றினாள். "அடுத்த வருஷம் கொஞ்சம் தள்ளி நின்னு எறியுங்க. போகப் போகப் பழகிடும்."

ஸெனோன் இந்தத் தடவை நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப அடுத்த வருஷம் நான் தொப்பி போட்டுக்கிட்டு வர்றேன்," என்றான் ஒனுஃப்ரி.

பூண்டை அவன் பக்கம் தள்ளினேன், சாப்பிட ஆரம்பித்தோம்.